2026 ஃபோர்முலா வன் விதிகள்: டிஆர்எஸ் போனது, மின்சாரம் பாதியானது – விளக்கம் தேவை

கேள்வி – சுன்னாகத்து வாசகன்

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்க்கக் கூடுகிறவர்களில் ஒரு பகுதியினர் கடந்த ஆண்டு ஃபோர்முலா வன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சம்பியன் யார் என்பது கடைசிப் பந்தயமான அபுதாபி வரை இழுபட்டு, லாண்டோ நோரிஸ் 423 புள்ளிகளுடன் வெர்ஸ்டாப்பனை இரண்டே புள்ளிகளால் முந்தியதுதான் அதற்கு முதற்காரணம். இந்த ஆண்டுப் பருவம் மார்ச் 8ஆம் திகதி மெல்பேர்ணில் ஆரம்பமாகிறது. அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. விடியப்புறம் எழும்ப வேண்டிய தேவையில்லை என்பதால் கூட்டம் இன்னும் கூடும் என்று எதிர்பார்க்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிப்பவர்கள். "விதி மாறிவிட்டது" என்று சொல்லிவிட்டு அவர்களிடமிருந்து தப்ப முடியாது.

கார் சிறிதாகிறது, மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ அரைவாசியாகிறது, டிஆர்எஸ் (முன்னால் செல்பவரை முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் முறை; கிரிக்கெட்டின் டிஆர்எஸ் அல்ல) நீக்கப்படுகிறது, காரின் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஓட்டத்தின்போதே அசைகின்றன என்ற அளவுக்கு நான் வாசித்திருக்கிறேன். ஆனால் மூன்று இடங்களில் எனக்குத் தெளிவு வரவில்லை. முதலாவது, இறக்கையை எல்லோரும் எல்லாச் சுற்றிலும் திறக்கலாம் என்றால், பின்னால் வருகிறவருக்கு அதனால் என்ன இலாபம்? இரண்டாவது, இந்த விதிகளின் ஆரம்ப வடிவத்தைச் சிமியூலேற்றரில் பார்த்துவிட்டு, மொன்சா போன்ற தடத்தில் நேர்பாதையின் நடுவிலேயே கியரைக் குறைக்க வேண்டிவரும் என்று 2023இல் வெர்ஸ்டாப்பன் கவலைப்பட்டாரே, அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா? மூன்றாவது, 2014இல் நடந்ததைப்போல ஒரே நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பட்டத்தைக் கைப்பற்றி வைத்திருக்கும் நிலை மீண்டும் வருமா? பதில் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.


பதில் – கொக்குவில் கராஜ்

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதலாவதற்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. இறக்கை ஏன் அசைகிறது என்று பிள்ளைகள் கேட்டால், மின்கலத்தில் இருப்பது போதாது என்பதனால் என்று ஒரே வரியில் சொல்லலாம்.

2014 முதல் 2025 வரை இருந்த இயந்திரத்தில் இரண்டு மின்மோட்டார்கள் இருந்தன. எம்ஜியூ-கே என்பது பிறேக் பிடிக்கும்போது பின்சில்லுகளிலிருந்து சக்தியை மீட்டு, வேகமெடுக்கும்போது அதைத் திருப்பிக் கொடுப்பது. எம்ஜியூ-எச் என்பது டர்போவின், அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இயந்திரத்துக்குள் வளியைத் திணிக்கும் பொறியின், சுழல்தண்டோடு இணைந்து, அந்தப் புகையில் வீணாகும் சக்தியை மின்னாக்குவது. இந்த இரண்டாவது மோட்டார் அற்புதமான பொறி. ஆனால் செய்வதற்கு மிகக் கடினம், விலையும் மிக அதிகம், வீதியில் ஓடும் கார்களுக்கு அதனால் கிடைத்த பயனோ மிகச் சொற்பம். புதிய உற்பத்தியாளர்கள் உள்ளே வர வேண்டுமானால் அது வெளியே போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அது போனது, அவுடி வந்தது, ஃபோர்ட் ரெட்புல்லுடன் கைகோத்தது, விலகுவதாக அறிவித்திருந்த ஹொண்டாவும் அஸ்ரன் மார்ட்டினுக்கு இயந்திரம் கொடுக்கத் தங்கிவிட்டது. ஆக, விதி மாறியதன் மூலகாரணம் தடத்தில் இல்லை, நிறுவனங்களின் இயக்குநர் சபைகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

எம்ஜியூ-எச்சின் இழப்பை ஈடுசெய்ய, மீதமுள்ள எம்ஜியூ-கேயின் வலுவை 120 கிலோவாற்றிலிருந்து 350 கிலோவாற்றுக்கு உயர்த்தினார்கள். 1.6 லீற்றர் வி6 டர்போ இயந்திரம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் வலு ஏறத்தாழ 550 கிலோவாற்றிலிருந்து 400 அளவுக்கு இறக்கப்பட்டிருக்கிறது. பாதிக்குப் பாதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மோட்டாரின் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகியும், மின்கலத்தில் ஒரே வேளையில் நிரப்பி வெறுமையாக்க அனுமதிக்கப்படும் அளவு முன்போலவே 4 மெகாயூல்தான். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்: 350 கிலோவாற்று என்பது செக்கனுக்கு 0.35 மெகாயூல், ஆகவே முழுதாக நிரம்பிய மின்கலம் பதினொன்றரைச் செக்கனுக்குள் வற்றிவிடும். ஒரு சுற்றில் மீட்டெடுக்கக்கூடிய உச்ச அளவு 8.5 மெகாயூல், சில தடங்களில் அதனையும் விதிகளை வகுக்கும் சர்வதேசச் சம்மேளனமான எஃப்ஐஏ குறைத்து நிர்ணயிக்கலாம். அத்தனையையும் மீட்டாலும் முழு வலுவில் இருபத்துநான்கு செக்கனுக்குத்தான் போதும். மெல்பேர்ணில் கடந்த ஆண்டு நோரிஸ் முதலிடத்துக்குத் தகுதிபெற்ற சுற்றின் நேரம் 1 நிமிடம் 15 செக்கன். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பருவத்தின் முழுக் கதையும்.

இதைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றால் பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஒரு ரொயோட்டா அக்குவா காரின் பின்னிருக்கையைக் கழற்றிக் காட்டுங்கள். அதற்குக் கீழே இருக்கும் நிக்கல் மின்கல அடுக்கு 144 வோல்ற்று, 6.5 அம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 3.4 மெகாயூல். அதாவது ஃபோர்முலா வன் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவும் நம் வீதியில் ஓடும் அக்குவாவில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், அக்குவாவின் மோட்டார் 45 கிலோவாற்று, அங்கே 350. எங்களிடம் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி வருகிற அக்குவாக்களில் பலவற்றில், பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரத்தைச் செம்மண் தூசியும் தலைமயிரும் அடைத்து, விசிறி காற்றை இழுக்க முடியாமல் மின்கலம் கொதித்துப்போயிருக்கும். 45 கிலோவாற்றுக்கே இந்தப் பாடு என்றால், சுற்றுக்கு இரண்டு தடவை முழுதாக நிரப்பி வெறுமையாக்கும் மின்கலத்தைக் குளிர்விப்பது என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

மீட்பதும் அப்படியே. சந்திக்குச் சந்தி பிறேக் பிடித்து ஓடுகிற பட்டண ஓட்டத்தில் அக்குவா நன்றாக மீட்டெடுக்கும். ஏ9 வீதியில் முறிகண்டி தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது மீட்பதற்கு எதுவும் இருக்காது. பலமாகப் பிறேக் பிடிக்கும் இடங்கள் பல உள்ள பஹ்ரைன் போன்ற தடத்தில் மின்கலம் இலகுவாக நிரம்பும். நீண்ட நேர்பாதைகளும் குறைந்த பிறேக் இடங்களும் உள்ள மொன்சாவிலும், ஓட்டம் அறுபடாத வளைவுகள் கொண்ட மெல்பேர்ணிலும் தட்டுப்பாடு வரும். அப்போது இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, வளைவு வருவதற்கு முன்பே சாரதி காலை எடுத்து உருளவிடுவது. மற்றையது, அக்சிலேற்றர் முழுதாக அமுங்கியிருக்கும்போதே பெற்றோல் இயந்திரத்தின் வலுவில் ஒரு பகுதியை மோட்டார் உறிஞ்சி மின்கலத்துக்கு அனுப்புவது. இரண்டாவது நடக்கும்போது, நேர்பாதையின் முடிவில் சாரதி எதுவும் செய்யாமலேயே வேகம் சற்றுக் குறையும். வெர்ஸ்டாப்பன் சொன்னதன் அடிப்படை இதுதான். அது தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 290 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் மின்வலு படிப்படியாகக் குறையும்படி விதி வைத்தும், காரின் வளி இழுவையைக் குறைத்தும் அதன் கூர்மையை மழுங்கச் செய்திருக்கிறார்கள், அவ்வளவே. அந்த வளி இழுவையைக் குறைக்க வந்ததுதான் அசையும் இறக்கை.


பதில் – அறிவியல் நகர் மாணவி

கராஜ் அண்ணா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இறக்கைக்கு இப்போது இரண்டு நிலைகள் உள்ளன: வளைவுக்கான நிலை, நேர்பாதைக்கான நிலை. வளைவில் முன்னும் பின்னும் உள்ள மடிப்புகள் நிமிர்ந்து நின்று காரைத் தடத்தோடு அழுத்தும். குறித்த நேர்பாதைகளில் சாரதி பொத்தானை அழுத்தியதும் இரண்டும் ஒருங்கே படுத்துக்கொள்ளும். முன்னால் கார் இருக்கிறதா, எத்தனை செக்கன் இடைவெளி என்ற நிபந்தனை எதுவும் இதற்குக் கிடையாது. 2011இல் வந்த டிஆர்எஸ்ஸில் பின் இறக்கை மட்டுமே திறந்தது, அதுவும் ஒரு செக்கன் இடைவெளிக்குள் பின்தொடர்பவருக்கு மட்டும். அது முந்துவதற்கான கருவி. இப்போதைய இறக்கை முந்துவதற்கானது அல்ல, சக்தியைச் சேமிப்பதற்கானது. வாசகன் அண்ணாவின் குழப்பம், இரண்டையும் ஒரே வகையாகப் பார்ப்பதால் வருகிறது என்று நினைக்கிறேன்.

முந்துவதற்கான சலுகை இறக்கையிலிருந்து மின்கலத்துக்கு இடம் மாறியிருக்கிறது. முன்னால் செல்பவருக்கு 290 கிலோமீற்றருக்கு மேல் மின்வலு குறையத் தொடங்கும். விதியிலுள்ள சூத்திரம் 1800இலிருந்து வேகத்தின் ஐந்து மடங்கைக் கழிப்பது. ஆகவே 320 கிலோமீற்றர் வேகத்தில் அவருக்குக் கிடைப்பது 200 கிலோவாற்று. ஒரு செக்கனுக்குள் பின்தொடர்பவர் முந்தல் நிலையைப் பயன்படுத்தினால், 337 கிலோமீற்றர் வரை முழு 350 கிலோவாற்றும் அவருக்கு உண்டு. மேலதிகமாக அரை மெகாயூல் சக்தியும் கிடைக்கும். அதே 320 கிலோமீற்றரில் இருவருக்கும் இடையே 150 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 200 குதிரைவலு வித்தியாசம் வருகிறது. காகிதத்தில் இது டிஆர்எஸ்ஸை விடப் பலமானது. ஆனால் மின்கலத்தில் மிச்சம் இருந்தால்தான் அந்த வலுவும் வரும். முந்துவதற்காக அத்தனையையும் செலவழித்தவர் அடுத்த நேர்பாதையில் வெறுங்கையோடு நிற்க, முந்தப்பட்டவர் திரும்ப முந்தலாம். ஒரே சோடிக் கார்கள் ஒரு சுற்றில் இரண்டு மூன்று தடவை இடம் மாறுவதைக் காண நேர்ந்தால் வியக்க வேண்டாம். அது எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால், டிஆர்எஸ் திறந்து நேர்பாதையின் பாதியிலேயே கடந்துபோய் அத்துடன் கதை முடிந்த பந்தயங்களை விட இது பிடிக்கும் என்றே சொல்வேன்.

காரின் அடிப்பாகத்திலும் பெரிய மாற்றம் இருக்கிறது. 2022 முதல் 2025 வரையான கார்களின் அடியில் நீண்ட குகை போன்ற பாதைகள் இருந்தன; அவற்றினூடாக வளி வேகமாகச் செல்லும்போது அமுக்கம் குறைந்து காரைக் கீழே இழுத்தது. அந்த இழுவை முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் கார் தரையை ஒட்டி, விறைப்பாக ஓட வேண்டும். 2022இன் தொடக்கத்தில் கார்கள் நேர்பாதையில் துள்ளித் துள்ளிச் சாரதிகளின் முதுகை வருத்தியது அதனால்தான். இப்போது அந்தக் குகைகள் எடுக்கப்பட்டு அடித்தளம் தட்டையாகியிருக்கிறது. கீழ்நோக்கு விசை 15 முதல் 30 வீதம் வரையும், வளி இழுவை ஏறத்தாழ 40 வீதமும் குறையும் என்பது எஃப்ஐஏயின் மதிப்பீடு. வளைவுகளில் வேகம் குறையும், கார் வழுக்கும், சாரதியின் கை கூடுதலாக வேலை செய்யும்.

அளவுகளைப் பொறுத்தவரை, முன் பின் சில்லுகளுக்கு இடையிலான உச்ச நீளம் 3600 மில்லிமீற்றரிலிருந்து 3400 ஆகவும், அகலம் 2000இலிருந்து 1900 ஆகவும் குறைகின்றன. முன் ரயர் 25 மில்லிமீற்றரும் பின் ரயர் 30 மில்லிமீற்றரும் ஒடுங்குகின்றன. குறைந்தபட்ச எடை 768 கிலோகிராம். கடந்த ஆண்டு அது 800. கார் சிறிதானதால் மொனாக்கோவில் முந்தலாம் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். பத்துச் சென்ரிமீற்றரால் அந்த ஒடுங்கிய வீதியில் எதுவும் ஆகப்போவதில்லை.


பதில் – பருத்தித்துறைப் பழைய ரசிகர்

மூன்றாவது கேள்வியை எனக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள் போலும்.

பெரிய விதிமாற்றம் வரும்போதெல்லாம் இரண்டு விடயங்கள் நடப்பதைக் கண்டிருக்கிறேன். விதியை எழுதியவர்கள் நினைத்துப் பாராத ஒரு வாசலை யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். மற்றவர்கள் அது விதிக்கு முரண் என்று முறையிடுவார்கள். 2009இல் அப்படித்தான். ஹொண்டா கைவிட்ட அணியை ரோஸ் புரோன் ஒரு பவுணுக்கு வாங்கி, காரின் பின்புறத்தில் இரட்டை டிஃபியூசர் (காரின் அடியிலிருந்து வளியை வெளியேற்றி, காரைத் தடத்தோடு அழுத்த உதவும் பகுதி) வைத்து ஓடவிட்டார். முறையீடுகள் தள்ளுபடியாகி அது சட்டபூர்வமானது என்று தீர்ப்பு வருவதற்குள் மற்ற அணிகள் பின்தங்கிவிட்டன. முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்ற ஜென்சன் பட்டன் அந்த ஆண்டின் சம்பியனானார். இந்த ஆண்டுக்கான வழக்கும் ஏற்கனவே தொடங்கிவிட்டது. இயந்திரத்தின் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் எரிகலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவை, 18இலிருந்து 16க்கு இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அதை அளப்பது இயந்திரம் குளிர்ந்து நிற்கும்போது. ஓடிச் சூடேறிய இயந்திரத்தில் உலோகம் விரிந்து விகிதம் 16ஐத் தாண்டும்படி செய்ய முடியுமா, செய்தால் அது குற்றமா என்ற தர்க்கம் பருவம் தொடங்குமுன்பே சூடுபிடித்திருக்கிறது. மெர்சிடிஸ் மீதுதான் எல்லோருடைய பார்வையும்.

2014இன் கதை வேறு. அந்த ஆண்டு நடந்த 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் வென்றது. அணிகளுக்கான பட்டத்தை 2021 வரை தொடர்ச்சியாக எட்டு ஆண்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை. இயந்திரம் மட்டும் காரணம் என்றால், அதே இயந்திரத்தை வாங்கி ஓடிய வில்லியம்ஸும் மக்லாரனும் அந்த ஆண்டு ஒரு பந்தயமாவது வென்றிருக்க வேண்டும்; வெல்லவில்லை. இயந்திரத்தையும் காரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வடிவமைத்தவர்களுக்குத்தான் முழுப் பலனும் போனது. அதைவிட மோசமாக, பின்தங்கியவர்கள் தங்கள் இயந்திரத்தைத் திருத்துவதற்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று டோக்கன் கொடுத்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த முறை 2017இல்தான் ஒழிந்தது.

இம்முறை அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோல் இயந்திரத்தின் வலுவில் முன்னணியை விட 2 வீதத்துக்கு மேல் பின்தங்கிய உற்பத்தியாளருக்கு மேலதிகமாக ஒரு திருத்த வாய்ப்பும், 4 வீதத்துக்கு மேல் என்றால் இரண்டும் கிடைக்கும். பருவத்தின் இடையிலேயே கணக்கெடுக்கிறார்கள். இன்னொன்று, மெர்சிடிஸ் இயந்திரம் இந்த ஆண்டு நான்கு அணிகளில் இருக்கிறது: மெர்சிடிஸ், மக்லாரன், வில்லியம்ஸ், தன் சொந்த ரெனோல்ட் இயந்திரத்தைக் கைவிட்ட அல்பீன். ஃபெராரியினது மூன்றில்: ஃபெராரி, ஹாஸ், புதிதாக வரும் கெடிலாக். ரெட்புல்–ஃபோர்ட் அதன் இரண்டு அணிகளில். ஹொண்டாவும் அவுடியும் ஒவ்வோர் அணியில். 2024இலும் 2025இலும் விலைக்கு வாங்கிய மெர்சிடிஸ் இயந்திரத்தை வைத்தே மக்லாரன் அணிகளுக்கான பட்டத்தை வென்றது என்பதால், வாங்கி ஓடுகிறவர் தோற்றே ஆகவேண்டும் என்ற காலம் போய்விட்டது. ஆனாலும் மின்கலத்தை எங்கே நிரப்பி எங்கே செலவழிப்பது என்ற மென்பொருள் அறிவு இயந்திரம் செய்தவரிடமே முதலில் இருக்கும் என்பதால், முதல் ஆறேழு பந்தயங்களில் இயந்திரம் செய்கிற அணிகளே முன்னால் நிற்கும் என்பது என் ஊகம்.

எரிபொருளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 2022 முதல் பத்து வீத எதனோல் கலந்த பெற்றோலில் ஓடினார்கள். இனிமேல் நூறு வீதமும் நிலைபேறான எரிபொருள், அதாவது நிலத்தடி எண்ணெய் அல்லாமல் உணவுக்குதவாத தாவரக் கழிவு, நகரக் கழிவு, வளியிலிருந்து பிடித்த காபன் போன்றவற்றிலிருந்து செய்தது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய நம்மவர்களுக்கு எரிபொருள் மாறுவது ஒன்றும் புதினமல்ல. ஒவ்வொரு நிறுவனத்தின் எரிபொருளிலும் சக்தியின் அடர்த்தி வேறுபடலாம் என்பதால், மணிக்கு 100 கிலோகிராம் என்றிருந்த பழைய கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மணிக்கு 3000 மெகாயூல் என்று சக்தியில் அளக்கிறார்கள். அது 833 கிலோவாற்றுக்குச் சமம். அதிலிருந்து 400 கிலோவாற்றை எடுக்கிறார்கள் என்றால் வினைத்திறன் 48 வீதம். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

விதியின் தயவில் நம்மவர் ஒருவருக்குப் புள்ளிகள் கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் பந்தயத்தின் இடையில் ரயர் மாற்றக் கூடாது என்று விதி இருந்தது. இன்டியனாபொலிஸின் சரிவான கடைசி வளைவை மிஷெலின் ரயர்கள் தாங்கவில்லை, மாற்றவும் வழியில்லை, அந்த ரயர் பூட்டிய பதினான்கு கார்களும் ஆயத்தச் சுற்றோடு ஒதுங்கிவிட, ஆறே கார்கள் ஓடின. ஜோர்டான் அணியிலிருந்த கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் அதில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அடுத்த ஆண்டே ரயர் மாற்றத்தைத் திரும்ப அனுமதித்துவிட்டார்கள்.


வினவியவரின் தொடர்ச்சி – சுன்னாகத்து வாசகன்

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கணக்குகளை நொடியில் போட்டு முடித்துவிட்டு ஒரு முறைப்பாட்டோடு வந்திருக்கிறார்கள்: காலை எடு, சேமி, பிறகு செலவழி என்றால் இது பந்தயமா, வரவு செலவுக் கணக்கா? அத்துடன் இன்னும் இரண்டு கேள்விகள். எம்ஜியூ-எச் இல்லாததால் பந்தயத்தின் தொடக்கம் கடினமாகும் என்று ஓரிடத்தில் வாசித்தார்களாம். டர்போவுக்கும் தொடக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 22 கார்கள் என்றால், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்று எப்படி நடக்கும்?


பதில் – பருத்தித்துறைப் பழைய ரசிகர்

முறைப்பாடு புதியதல்ல. எண்பதுகளின் டர்போக் காலத்தில் முழுப் பந்தயத்துக்கும் 1984இல் 220 லீற்றர், 1986இல் 195 லீற்றர், 1988இல் டர்போக் கார்களுக்கு 150 லீற்றர் என்று எரிபொருளை இறுக்கிக்கொண்டே போனார்கள். இடையில் நிரப்பவும் அனுமதியில்லை. 1986இல் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்து, அலன் புரோஸ்ட் இறங்கிக் காரைத் தள்ளிக்கொண்டு போனதைக் காணொளியில் பார்க்கலாம். அதே ஆண்டு சம்பியனும் அவர்தான். சேமிக்கத் தெரிந்த சாரதியே சிறந்த சாரதி என்று அந்தக் காலத்தில் அவரைப் "பேராசிரியர்" என்று அழைத்தார்கள். பந்தயத்தில் சேமிப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் தகுதிச்சுற்றில், ஒரே ஒரு சுற்றை உயிரைக் கொடுத்து ஓட வேண்டிய நேரத்தில், காலை எடுத்து மின்கலம் நிரப்ப வேண்டி வந்தால் பிள்ளைகளின் பக்கம்தான் நானும் நிற்பேன்.


பதில் – அறிவியல் நகர் மாணவி

ஐயா சொன்ன தகுதிச்சுற்று விடயத்தில் எனக்கும் அதே மனக்குறைதான். நடைமுறை எளிது: முதற்கட்டத்தில் 22 பேரில் கடைசி ஆறு பேர் வெளியேற்றம், இரண்டாம் கட்டத்தில் மேலும் ஆறு பேர், மீதிப் பத்துப் பேர் முதலிடத்துக்காக ஓடுவார்கள். முன்பு ஐந்து ஐந்தாக வெளியேறினார்கள்; கெடிலாக்கின் இரண்டு கார்கள் சேர்ந்ததால் ஆறு ஆறாயிற்று.


பதில் – கொக்குவில் கராஜ்

தொடக்கத்தைப் பற்றி. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. கார் நிற்கும்போது புகை குறைவு, ஆகவே டர்போவும் மெதுவாகச் சுழலும். மிதித்தவுடன் வலு வராமல் ஒரு தாமதம் ஏற்படும். பழைய டர்போ டீசல் வானில் கிளச்சை விட்டதும் ஒரு கணம் சோர்ந்து பிறகு பாய்வதை எல்லோரும் அறிவார்கள். எம்ஜியூ-எச் இருந்தபோது அது மின்சாரத்தால் டர்போவை முன்கூட்டியே சுழற்றி வைத்ததால் இந்தத் தாமதம் தெரியவேயில்லை. இப்போது அந்த உதவி இல்லை. எம்ஜியூ-கேயாவது கைகொடுக்குமா என்றால், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது 50 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும்வரை அதைப் பயன்படுத்த விதி இடம் கொடுப்பதில்லை. மிஞ்சியிருக்கும் ஒரே வழி, தொடக்க விளக்குகளுக்கு முன்பிருந்தே இயந்திரத்தை உயர்ந்த சுழற்சியில் பல செக்கன்கள் பிடித்து டர்போவைத் தயார் செய்வது. சற்றுக் குறைவாகப் பிடித்தால் கார் நகராது. கூடப் பிடித்தால் பின்சில்லு வெறுமனே சுழன்று ரயரைக் கருக்கிவிடும்.

ஆயத்தச் சுற்று முடிந்து முன்வரிசையினர் முதலில் வந்து நிற்பதால் டர்போவைச் சுழற்ற அவர்களுக்குப் போதிய நேரம் இருக்கும். கடைசி வரிசையில் நிற்பவர் தன் இடத்தை அடைந்த கொஞ்ச நேரத்திலேயே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். நடுவில் ஒருவர் நகராமல் நின்றால் பின்னால் முழு வேகத்தில் வருகிறவருக்கு விலக இடமிருக்காது என்பதால், அங்கே ஆபத்தும் உண்டு. சிறிய டர்போ வைத்தவர்களுக்கு அது விரைவில் சுழன்றுவிடும் என்பதால் தொடக்கத்தில் நன்மை. நேர்பாதையின் உச்ச வலுவில் அதே டர்போவால் சிறிது இழப்பார்கள். ஆகவே மெல்பேர்ணில் விளக்குகள் அணையும்போது முதல் வரிசையை மட்டும் பார்க்க வேண்டாம், நான்காவது வரிசைக்குப் பின்னால் யார் சறுக்குகிறார், யார் மூன்று நான்கு கார்களைத் தாண்டிப் பாய்கிறார் என்று கவனியுங்கள். எந்த நிறுவனம் எந்த அளவு டர்போவைத் தெரிந்தெடுத்தது என்பது முதல் வளைவுக்குள்ளேயே பாதி தெரிந்துவிடும்.